அலிசியார்: ஆசைகாட்டி அழைப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

போர்த்துகீசிய மொழியில் 'அலிசியார்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் முதல் பொருள் 'கவர்ந்திழு'. விஷயம் அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் இல்லை. ஆனால் பிரேசில் சட்டத்தில் இதே சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். தொழிலாளர்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகிற ஏஜென்டுக்கு இந்தச் சொல்தான். குழந்தையிடம் ஃபோனிலோ இணையத்திலோ பேசி மயக்குகிறவனுக்கும் இதேதான். ஆள் கடத்துகிறவன், சிப்பாயைக் கலகத்துக்கு இழுக்கிறவன், இவர்களுக்கும் இதேதான். ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த ஒரே சொல் ரெக்ரூட், என்டைஸ், லூர், க்ரூம், சொலிசிட், இண்ட்யூஸ், செட்யூஸ் என்று ஏழெட்டாகச் சிதறிவிடுகிறது.

ஒரு சொல்லுக்குப் பல மொழிபெயர்ப்புகள் இருப்பது அதிசயமில்லை. எல்லா மொழியிலும் நடப்பதுதான். இங்கே விஷயம் வேறு. இந்த ஆங்கிலச் சொற்களில் எதை எடுத்தாலும் குற்றத்தின் பாரம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்கிறது. அலிசியார் என்ற சொல் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்று, போனவர் தன் விருப்பத்தோடுதான் போனார். இரண்டு, அப்படியிருந்தும் கூப்பிட்டவன்தான் குற்றவாளி. பெரும்பாலான ஆங்கிலச் சொற்கள் இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை நழுவ விடுகின்றன.

நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஒரு பெயர் எங்கெல்லாம் பயன்படுகிறது, எங்கே மாற்றப்பட்டிருக்கிறது என்று தேடிப்பார்ப்பது என் தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்தச் சொல்லைத் துரத்திப் பார்த்ததில் கிடைத்தவை கீழே.

வேர்

லத்தீனில் 'அல்லிகெரே' என்றால் தன் பக்கம் இழுப்பது, நைச்சியமாக வரவழைப்பது. அதற்குள் இருக்கும் வேர் 'லகெரே'. அதற்கும் ஆசைகாட்டுவது, பொறி வைப்பது என்ற வாசனைதான். சுருக்குக்கயிறு என்று பொருள்படும் 'லாக்கியூஸ்' இதன் சொந்தம் என்பார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஆங்கிலத்தின் 'லேஸ்'. ஒருவரிடமிருந்து பதிலை வரவழைப்பதைக் குறிக்கும் 'எலிசிட்' இதே குடும்பம். மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். இன்பமும் கண்ணியும் ஒரே வேரிலிருந்து முளைத்திருக்கின்றன.

போர்ச்சுகலில் இந்தக் குடும்பத்தின் பெயரடையான 'அலிசியான்ட்' நல்ல வார்த்தை. வேலை விளம்பரத்தில் சம்பளம் அலிசியான்ட் என்று எழுதினால் யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். 'கவர்ச்சிகரமான சம்பளம்' என்று நம்ம ஊர் விளம்பரத்தில் போடுகிற மாதிரிதான். வினைச்சொல்லாக மாறியதும் நிழல் விழுகிறது. சம்பளம் அலிசியான்டாக இருக்கலாம், ஆனால் ஒருவன் ஆட்களை அலிசியார் செய்தான் என்று செய்தித்தாளில் வந்தால் அவன் ஏதோ தப்புக் காரியம் செய்திருக்கிறான் என்று அர்த்தம். அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர் முதலில் தடுக்கி விழும் இடம் இது. 'அட்ராக்ட்' என்று போட்டால் அந்த நிழல் போய்விடும்.

வேலைக்கு ஆள் எடுப்பது குற்றமா?

பிரேசிலின் தண்டனைச் சட்டம் 1940 டிசம்பர் 7-ஆம் தேதியிட்டது. கெட்டூலியோ வர்காஸ் ஆட்சிக்காலம். அதில் 207-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், நாட்டுக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் நோக்கத்தோடு தொழிலாளர்களை அலிசியார் செய்வது குற்றம். முதல் பத்தி இவ்வளவுதான். பொய் சொல்லி என்றோ மிரட்டி என்றோ ஒரு வார்த்தை கிடையாது. முழு பாரத்தையும் அந்த ஒற்றை வினைச்சொல்தான் சுமக்கிறது.

இதில் 'ரெக்ரூட்' என்று போட்டுப் பாருங்கள். சாவோ பாவ்லோவில் இருக்கும் ஒரு கம்பெனி பஹியாவிலிருந்து ஆள் எடுத்தாலே ஜெயில் என்று ஆகிவிடுகிறது. படிக்கிற ஆங்கில வாசகர், 'இது என்ன பைத்தியக்காரச் சட்டம்' என்றுதான் நினைப்பார். சட்டம் பைத்தியமில்லை, மொழிபெயர்ப்பு குற்றத்தைத் துடைத்துவிட்டது.

சரி, எதிர்த் திசையில் போய் 'ஏமாற்றி அழைத்துச் செல்வது' என்று விளக்கமாக எழுதலாமா? அதுவும் ஆபத்து. மூலத்தில் மோசடி என்ற சொல் இல்லை. மோசடி நிரூபிக்கப்பட வேண்டுமா வேண்டாமா என்பது வழக்கின் போக்கையே மாற்றும் கேள்வி. அதை நீதிபதிக்கு முன்பே மொழிபெயர்ப்பாளர் தீர்த்து வைக்கக் கூடாது.

இங்கதான் பக்கத்து வீடான 206-ஆம் பிரிவு சுவாரசியமாகிறது. 1940 வடிவத்தில் அது, வெளிநாட்டுக்குக் குடிபெயரச் செய்யும் நோக்கத்தோடு தொழிலாளர்களை அலிசியார் செய்வதைத் தடுத்தது. 1993-இல் 8.683 என்ற எண்ணுள்ள சட்டம் அந்த வாக்கியத்தை மாற்றியது. அலிசியார் போய்விட்டது. அதற்குப் பதிலாக 'ரெக்ருதார்', அதாவது நேரடியாக ரெக்ரூட், வந்தது. கூடவே 'மோசடி மூலம்' என்ற சொற்களும் சேர்ந்தன. ஆனால் பிரிவின் தலைப்பை யாரும் தொடவில்லை. அதில் இன்றும் 'அலிசியாமென்டு' என்ற பெயர்ச்சொல்தான் நிற்கிறது. ஃபங்ஷனுக்குள் இருக்கும் கோடை மாற்றிவிட்டுப் பெயரை அப்படியே விட்டுவிட்ட கதை.

பிரேசில் அரசின் சட்டத் தளத்தில் பழைய வாசகத்தை அழிக்காமல் நடுவில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். கோட் ரிவ்யூ செய்து பழகிய கண்ணுக்கு அது அப்படியே ஒரு டிஃப். சிவப்பில் அலிசியார், பச்சையில் 'மோசடி மூலம் ரெக்ருதார்' என்று மனதுக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த டிஃபை இரண்டு விதமாக வாசிக்கலாம். அலிசியார் என்றாலே மோசடியான ஆள்சேர்ப்புதான், சட்டம் இயற்றியவர்கள் அதைப் பிரித்து எழுதினார்கள், அவ்வளவுதான் என்பது ஒரு வாசிப்பு. அலிசியாருக்குள் மோசடி கட்டாயம் இல்லை, அதனால்தான் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. காரணம் 1998-இல் நடந்த அடுத்த திருத்தம்.

அந்த ஆண்டு 9.777 என்ற சட்டம் 207-ஆம் பிரிவுக்கு ஒரு புதுப் பத்தியைச் சேர்த்தது. வேலை நடக்கும் இடத்துக்கு வெளியிலிருந்து தொழிலாளர்களை ரெக்ருதார் செய்பவர் மூன்றில் எதைச் செய்தாலும் குற்றம். மோசடி செய்தால், தொழிலாளியிடமிருந்து எந்தத் தொகையாவது வசூலித்தால், அல்லது ஊர் திரும்ப வழிசெய்யாமல் விட்டால். முதல் பத்தியில் அலிசியார் அப்படியே தொடர்கிறது. தண்டனை மட்டும் ஒன்று முதல் மூன்று ஆண்டு என்று உயர்ந்தது. அதாவது ஒரே பிரிவுக்குள், அலிசியார் தனியாக நிற்கிறது. ரெக்ருதார் எப்போதும் ஒரு நிபந்தனையோடு வருகிறது. ரெக்ருதார் தன்னளவில் குற்றமில்லாத சொல், அதைக் குற்றமாக்க வெளியிலிருந்து ஏதாவது ஒட்ட வேண்டும். அலிசியாருக்கு அந்தத் தேவை இல்லை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ரெக்ரூட் என்று போடுகிறவர் இந்த வித்தியாசத்தையே தரைமட்டமாக்குகிறார்.

பர்ராஸ் ஊரில் நடந்தது

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு வழக்கு. பிரேசிலின் வடகிழக்கில் பியாவுயி என்ற ஏழை மாநிலம். அங்கே பர்ராஸ் என்ற ஊர். 2000-இன் தொடக்கத்தில் அங்கே ஓர் ஆள்பிடிப்பவர் வந்தார். அந்தத் தொழிலுக்குப் பிரேசிலில் 'கடோ' என்று பெயர், பூனை என்று அர்த்தம். பாரா மாநிலத்துப் பண்ணை ஒன்றில் வேலை, நல்ல சம்பளம், கையில் முன்பணம். ஆட்கள் கிளம்பினார்கள். பல நாள் பயணம். போய்ச் சேர்ந்ததும் பேசிய சம்பளம் வேறு, கிடைப்பது வேறு என்று தெரிந்தது. வழியில் ஆன செலவு கடனாக ஏறியிருந்தது. வேலை அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டார்கள். 2000 மார்ச்சில் அரசு ஆய்வாளர்கள் அந்தப் பண்ணையிலிருந்து 85 பேரை மீட்டார்கள். இந்தப் பிரேசில் வெர்தே பண்ணை வழக்கில் 2016 அக்டோபர் 20-இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் பிரேசில் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

இதில் கவனிக்க வேண்டியது முன்பணம். அது பொய்யில்லை, கையில் கொடுத்த நிஜமான காசு. வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதால் அதை வாங்கிக்கொண்டார்கள். அதே காசுதான் பிறகு கடனாகி அவர்களைக் கட்டிப்போட்டது. சம்பளத்தைப் பற்றிய பொய்யை மோசடி என்ற சொல் பிடித்துவிடும். கொடுத்த முன்பணத்தை அது பிடிக்காது. இனிப்பைக் கையில் கொடுத்து, அந்த இனிப்பையே கயிறாக்குவது. அலிசியார் என்ற சொல்லின் வேரில் இருக்கும் அந்தப் பழைய சுருக்குக்கயிறு இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

லூர் என்றால் பருந்து

இந்த மாதிரி வழக்குகளைப் பற்றி எழுதும் ஆங்கிலப் பத்திரிகைகள் அதிகம் விரும்பும் சொல் 'லூர்'. கேட்க நன்றாக இருக்கிறது, குற்றமும் தெரிகிறது. ஆனால் லூர் என்பது முதலில் பருந்து வளர்ப்பவர்களின் சாமான். தோலில் இறகுகளைக் கட்டிக் கயிற்றில் சுழற்றினால், பறந்துபோன பருந்து அதை இரையென்று நினைத்துத் திரும்பி வரும். இன்று அதே சொல் தூண்டிலில் மாட்டும் பொய்யிரைக்கும் ஆகிறது. அந்தப் படத்தில் வருவது யோசிக்காத பிராணி, காட்டப்படுவது சாப்பிட முடியாத போலி.

பர்ராஸ் தொழிலாளர்கள் பருந்து இல்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு கணக்கு இருந்தது. ஊரில் வேலை இல்லை, அங்கே இருக்கிறது, கையில் காசும் வருகிறது. அந்தத் தகவல்களை வைத்துப் பார்த்தால் கணக்கு சரிதான். லூர் என்று எழுதும்போது அவர்கள் ஏமாளிகள் ஆகிறார்கள். 'இவ்வளவு தூரம் யோசிக்காமலா போனாங்க?' என்ற கேள்வி வாசகர் மனதில் தானாக எழும். குற்றவாளியைச் சரியாகச் சுட்டிவிட்டு, பாதிக்கப்பட்டவருடைய புத்தியைப் பறித்துவிடுகிறது அந்தச் சொல்.

என்டைஸ்: கெட்ட பூர்வீகம், நல்ல பொருத்தம்

அடுத்தது 'என்டைஸ்'. கொள்ளிக்கட்டையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஒருவருக்குள் ஆசையை மூட்டுவது என்பதுதான் அடிப்படை என்று வழக்கமாக விளக்கம் சொல்வார்கள்.

தொழிலாளர் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய, அவ்வளவு கௌரவமில்லாத வரலாறு உண்டு. இங்கிலாந்தில் கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் தட்டுப்பாடு வந்தபோது, 1351-இல் தொழிலாளர் சட்டம் ஒன்று போட்டார்கள். கூலியைக் கட்டுப்படுத்துவதும், வேலையாட்கள் எஜமானை விட்டுப் போகாமல் தடுப்பதும் அதன் நோக்கம். அந்த வழியில் வளர்ந்ததுதான், இன்னொருவருடைய வேலையாளை என்டைஸ் செய்து கூட்டிப்போனால் எஜமான் வழக்குப் போடலாம் என்ற விதி. 1853-இல் லண்டனில் யோஹானா வாக்னர் என்ற ஆபரா பாடகியை ஒரு நாடக அரங்கக்காரர் இன்னொருவரிடமிருந்து இழுத்தார் என்று தொடரப்பட்ட லம்லி–கை வழக்கில், அந்த விதி வீட்டு வேலையாட்களைத் தாண்டி விரிந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு இதே சொல் கறுப்பினத் தொழிலாளர்களைப் பழைய தோட்டங்களிலேயே இருத்தி வைக்க உதவியது. நல்ல கூலி தருகிறேன் என்று அழைத்துப்போக வருகிற ஏஜென்டுகளுக்குத் தண்டனை, பெரிய வரி. ஜார்ஜியா மாநிலம் போட்ட அப்படியொரு வரியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1900-இல் செல்லும் என்றது.

அந்தச் சட்டங்களில் என்டைஸ் செய்யப்பட்டவர் பாதிக்கப்பட்டவரே இல்லை. ஆளை இழந்த எஜமான்தான் பாதிக்கப்பட்டவர். இதைக் காட்டி, 'அப்போ இந்தச் சொல் பிரேசில் சட்டத்துக்கு ஆகாது' என்று ஒருவர் வாதிடலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. 1940-இன் 207-ஆம் பிரிவு எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். ஆளுக்கு எதிரான குற்றங்களில் இல்லை, 'தொழில் ஒழுங்கமைப்புக்கு எதிரான குற்றங்கள்' என்ற தலைப்பில் இருக்கிறது. ஓர் ஊரிலிருந்து ஆட்கள் கூட்டமாகப் போய்விடுவதே அங்கே பிரச்சினை. தொழிலாளியின் பக்கம் நின்று பேசுவது 1998-இல் சேர்த்த பத்திதான். பழைய பத்தியில் பாதிக்கப்பட்டவர் யார் என்ற மங்கல் மூலத்திலேயே இருக்கிறது. அந்த மங்கலோடு சேர்த்துக் கொண்டுவரும் ஒரே ஆங்கிலச் சொல் என்டைஸ். மூலத்தின் அழுக்கைத் துடைத்துப் பளிச்சென்று காட்டுவது மொழிபெயர்ப்பின் வேலை இல்லை.

நம்ம நாட்டு நீதிமன்றங்களும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு, சிறார்களைப் பாதுகாவலரிடமிருந்து 'அழைத்துச் செல்வது அல்லது என்டைஸ் செய்வது' பற்றியதாக இருந்தது. 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வரதராஜன் எதிர் மெட்ராஸ் மாநிலம் வழக்கில், பதினெட்டை நெருங்கிய ஒரு பெண் தானாகவே வீட்டைவிட்டு வந்து சேர்ந்துகொண்டாள். கூட வர அனுமதிப்பது வேறு, அழைத்துச் செல்வது வேறு என்று நீதிமன்றம் பிரித்தது. 1973-இல் குஜராத்திலிருந்து வந்த வத்காமா வழக்கில், மற்றவர் மனதில் ஆசையையோ எதிர்பார்ப்பையோ கிளப்பித் தூண்டுவதுதான் என்டைஸ் என்ற கருத்தை நீதிமன்றம் விளக்கியது. போனவர் தன் காலால்தான் போனார், ஆனால் அந்த விருப்பத்தை விதைத்தது இன்னொருவர். அலிசியாருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் போர்த்துகீசிய அகராதிகளில்கூடப் பார்க்கவில்லை.

குழந்தை விஷயத்தில்

பிரேசிலின் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் சட்டத்தில் 2008-இல் 241-டி என்ற பிரிவு சேர்ந்தது. எந்தத் தொடர்பு சாதனத்தின் மூலமாகவும், பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை அலிசியார் செய்வது, தொந்தரவு செய்வது, தூண்டுவது, வற்புறுத்துவது குற்றம். மொத்தம் நான்கு வினைகள், அலிசியார் முதலில். இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'க்ரூமிங்' என்று சுருக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது.

க்ரூமிங் என்றால் நாள்கணக்கில், மாதக்கணக்கில் பழகி நம்பிக்கையை வளர்ப்பது. குதிரையைத் தேய்த்துப் பராமரிக்கும் சொல்லிலிருந்து வந்தது, அந்த நிதானம் அதில் இருக்கிறது. அலிசியாருக்குக் கால அளவு கிடையாது. ஒரே ஒரு மெசேஜில் நடந்து முடியலாம். இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. அங்கே 2003-இன் பாலியல் குற்றச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, க்ரூமிங்குக்குப் பிறகு குழந்தையைச் சந்திப்பது பற்றியது. முதலில் அது குறைந்தது இரண்டு முறை தொடர்பு நடந்திருக்க வேண்டும் என்றது. 2015-இல் ஒரு முறை போதும் என்று திருத்தினார்கள். அந்த இரண்டை ஒன்றாக்க 12 வருடம் ஆனது. பிரேசில் சட்டத்தில் அந்த எண்ணே இல்லை. க்ரூமிங் என்று மொழிபெயர்த்தால், இல்லாத நிபந்தனை ஒன்று வாசகர் மனதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு சின்ன விஷயம். அந்தப் பிரேசில் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 12 வயது நிரம்பாதவர். 12 முதல் 18 வரை வேறு பெயர். ஆங்கிலத்தில் வெறுமனே 'சைல்ட்' என்று எழுதினால் 18 வரை என்றுதான் படிப்பார்கள். ஆக 241-டி-யின் ஆங்கில வடிவத்தில் வினைச்சொல் குறுகுகிறது, பெயர்ச்சொல் விரிகிறது. இரண்டும் தப்பான திசையில்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/93 உத்தரவில் 6-ஆவது பிரிவுக்கு ஆங்கிலத்தில் 'சொலிசிடேஷன்' என்று தலைப்பு, போர்த்துகீசியத்தில் 'அலிசியாமென்டு'. அங்கே எல்லா மொழி வடிவங்களும் சம அதிகாரம் கொண்டவை என்பதால் எது மூலம், எது மொழிபெயர்ப்பு என்று பேச முடியாது. ஆனாலும் ஜோடி இடிக்கிறது. சொலிசிட் என்பது கேட்பது. கேட்டவுடன் மற்றவர் ஒப்புக்கொண்டாரா, மறுத்தாரா என்பது வேறு கதை. அலிசியார் செய்பவன் கேட்கவே வேண்டியதில்லை, அந்தப் பக்கமே 'நான் வரட்டுமா' என்று கேட்கும்படி செய்துவிடுவான். குழந்தைகள் விஷயத்தில் பயங்கரமே அதுதானே?

இதற்கும் என்டைஸ்தான் பொருந்துகிறது என்று சொல்ல இன்னொரு ஆதாரம் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. பதினெட்டாம் தொகுதி, 2422-ஆம் பிரிவு. அங்கேயும் வரிசையாக நான்கு வினைகள்: பர்ஸ்வேட், இண்ட்யூஸ், என்டைஸ், கோயர்ஸ். பிரேசிலின் நான்கும் அமெரிக்காவின் நான்கும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் இரண்டும் மென்மையான இழுப்பில் தொடங்கி வற்புறுத்தலில் முடிகின்றன. வரிசையில் பாதி வேலை முடிந்தே இருக்கிறது.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்

ஆள்கடத்தல் பற்றிய 2000-ஆம் ஆண்டு பலேர்மோ நெறிமுறை ஐந்து செயல்களைப் பட்டியலிடுகிறது. அதில் முதலாவது ரெக்ரூட்மென்ட். போர்ச்சுகல் 2007-இல் தன் தண்டனைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவில் அந்த இடத்தில் அலிசியார் என்று எழுதியது. 2013-இல் திருத்தியபோது அலிசியாரை எடுக்கவில்லை, அதற்கு முன்னால் ரெக்ருதாரைச் சேர்த்தது. பிரேசில் 2016 அக்டோபரில் கொண்டுவந்த 149-ஏ பிரிவிலும் எட்டு வினைகளில் அலிசியாரும் ரெக்ருதாரும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டு நாட்டுச் சட்டமன்றங்களும் இவை இரண்டும் வேறு வேறு என்று எழுத்தில் சொல்லிவிட்டன. இதற்குப் பிறகும் அலிசியாருக்கு ரெக்ரூட் என்று போட்டால், பட்டியலில் ஒரே சொல் இரண்டு முறை வரும், இல்லாவிட்டால் ஒன்று காணாமல் போகும்.

சிப்பாய்களுக்கு மட்டும் நான் விதிவிலக்கு கேட்பேன். பிரேசிலின் 1969 ராணுவத் தண்டனைச் சட்டத்தில் 154-ஆம் பிரிவு, படைவீரரைக் கலகத்துக்கு அலிசியார் செய்வது பற்றியது. பலர் 'இன்சைட்' என்று போடத் தோன்றும். ஆனால் இன்சைட் என்பது வெளிப்படையாகத் தூண்டிவிடுவது, மேடையேறிக்கூடச் செய்யலாம். இதற்கு ஆங்கிலச் சட்டத்தில் ரெடிமேடாக ஒரு சொல் இருக்கிறது: செட்யூஸ். 1797-இல் பிரிட்டன் போட்ட கலகத் தூண்டுதல் சட்டத்திலிருந்து, நம்ம இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு வரை, சிப்பாயைக் கடமையிலிருந்து 'செட்யூஸ்' செய்வது என்றே எழுதியிருக்கிறார்கள். இன்றைய காதுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும். பரவாயில்லை. சொல்லின் நேர்ப்பொருள் 'வழியிலிருந்து விலக்கிக் கூட்டிப்போவது'. பிரிவு சொல்வதும் அதுதான்.

என் முடிவு

சட்ட மொழிபெயர்ப்பில் ஒரு பழைய விதி உண்டு. மூலத்தில் ஒரு சொல் என்றால் மொழிபெயர்ப்பிலும் ஒரு சொல். இந்த விதியை அப்படியே பின்பற்ற முடியாவிட்டாலும், ஒரு டீஃபால்ட் வைத்துக்கொள்ளலாம். அலிசியாருக்கு என் டீஃபால்ட் என்டைஸ். படைவீரர் விஷயத்தில் செட்யூஸ். சாட்சியைக் கலைப்பது பற்றிய செய்தி என்றால் சபார்ன். கால்பந்து வீரரை இன்னொரு கிளப் ரகசியமாக அணுகிய செய்தி என்றால் அந்த விளையாட்டுக்காரர்களின் 'டேப்பிங் அப்'. க்ரூமிங்கைத் தலைப்பிலோ விளக்கத்திலோ வைத்துக்கொள்ளலாம், சட்ட வாசகத்துக்குள் விட வேண்டாம். ரெக்ரூட்டை ரெக்ருதாருக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும். மோசடி என்று மூலத்தில் இருந்தால் மட்டும் மோசடி.

தமிழில் இதற்குத் தனியாக ஒரு வினைச்சொல் தேட வேண்டியதே இல்லை. 'ஆசைகாட்டிக் கூட்டிப்போனான்' என்று சொன்னால் இரண்டு பாதியும் அதில் இருக்கிறது. ஆசை போனவருடையது, காட்டியது மற்றவன்.

இந்த இரண்டு பாதியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு தூரம் மல்லுக்கட்டுவதற்குக் காரணம், இப்படிப்பட்ட வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லும் வாதம்: 'அவங்களாத்தானே வந்தாங்க, யாரும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரலையே.' ரெக்ரூட் என்று எழுதிய மொழிபெயர்ப்பு அந்த வாதத்துக்கு வழிவிடுகிறது. லூர் என்று எழுதியது, வந்தவர்கள் முட்டாள்கள் என்று ஒப்புக்கொண்டுதான் அந்த வாதத்தை மறுக்க முடிகிறது. அலிசியாருக்கு அந்த வாதம் ஒரு பொருட்டே இல்லை. ஆமாம், அவங்களாத்தான் வந்தாங்க. அவங்களா வரும்படி செய்ததுதான் குற்றம்.